நாலு மாசம் என்று சொன்னேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெங்களூரில் மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாதம் நடந்தது இது. அப்போது என் மகளுக்கு நாலரை வயது. நாங்கள் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரையொட்டிய ஹெப்பகோடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு அருகிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நான் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். திருமணத்துக்கு முன் இரண்டு வருடம் ஒரு பள்ளியில் பாடம் எடுத்தேன். மகள் பிறந்தபின் வேலைக்குப் போகவில்லை. அவளைச் சரியாக வளர்ப்பதுதான் இனி என் வேலை என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த ஜூலையில் எல்.கே.ஜி. ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் மகள் போர்டைப் பார்ப்பதே இல்லையாம். முகம் எப்போதும் இடது பக்கம் ஜன்னலை நோக்கி இருக்கிறதாம். கவனம் இல்லை என்று நினைத்து இரண்டு மூன்று முறை அதட்டியிருக்கிறார். ஆனால் போர்டில் எழுதியதைக் கேட்டால் சரியாகச் சொல்கிறாளாம். சந்தேகப்பட்டு, ஒரு பென்சிலைக் கையில் எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்திருக்கிறார். பென்சில் இடது பக்கம் போனபோது வலது கண் அதோடு போனது. இடது கண் நடுவிலேயே நின்றுவிட்டது.

"நீங்க வீட்ல பாக்கவே இல்லயா மேடம்?" என்று கேட்டார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். முதல் பொய் அதுதான். ஆனால் அப்போது அதைப் பொய் என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையில் அவளுடைய மூன்றாவது மாதத்திலேயே எனக்குத் தெரியும். பால் குடித்துவிட்டு என்னைப் பார்க்கும்போது முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டிப் பார்ப்பாள். தூளியில் ஒரே பக்கமாகப் படுக்க வைத்ததால்தான் இப்படியோ என்று பக்கம் மாற்றிப் போட்டேன். கிலுகிலுப்பையை மறுபக்கம் கட்டினேன். ஒவ்வொரு தடுப்பூசிக்குப் போகும்போதும் குழந்தைகள் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போவேன். அவர் எடை போட்டுப் பார்த்துவிட்டு, "வெயிட் சூப்பரா இருக்கு, நல்லா பாத்துக்கறீங்கம்மா" என்பார். அதைக் கேட்டதும் தயார் செய்த வாக்கியத்தை விட்டுவிடுவேன். நன்றாகப் பார்த்துக்கொள்கிற அம்மாவாகவே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

வலது பக்கம் எதையாவது எட்டிப் பார்க்கும்போது அவளுடைய இடது கண் சுருங்கிச் சின்னதாகிவிடும். கண்ணடிக்கிறாள், வாயாடி என்று எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். என் நாத்தனார் கீழே ஒரே ஒரு வரி எழுதினார்: "என்ன, பாப்பாவுக்குக் கழுத்துல சுளுக்கா?" பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். எனக்குத்தான் முகம் எரிந்தது. அந்தப் படத்தைக் குழுவிலிருந்து அழித்தேன். போனிலிருந்தும் அழித்தேன். அதன்பிறகு ஒவ்வொரு படத்துக்கும் அவள் தாடையில் இரண்டு விரல் வைத்து முகத்தை நேராக்கி, "நேரா பாரு கண்ணு, நேரா" என்று சொல்லிவிட்டு, கையை எடுத்த அதே நொடியில் எடுப்பேன். பத்து எடுத்தால் ஒன்றிரண்டு நேராக வரும். அவற்றை வைத்துக்கொண்டு மற்றதை உடனே அழித்துவிடுவேன். பழையவற்றையும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து தேடித் தேடி அழித்தேன். படித்தவள் அல்லவா, எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய மாட்டேன்.

ஆசிரியை சொன்ன இரண்டாம் நாள் ஒரு பெரிய கண் மருத்துவமனைக்குப் போனோம். கணவருக்கு ஷிஃப்ட். நானும் மகளும் மட்டும். குழந்தைகளுக்கான மருத்துவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஜூனியர் டாக்டர் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். என் மகள் டார்ச்சைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள். கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கிடைத்த நேரத்தில் மருத்துவர் கொஞ்சம்தான் பார்க்க முடிந்தது.

"எப்பலேர்ந்தும்மா இப்படி இருக்கு?"

ஜூனியர் டாக்டர் விசைப்பலகையில் விரல்களை வைத்தபடி என்னைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷமா என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தே? அந்தக் கேள்வியை அந்த அறையில் என்னால் வாங்கிக்கொள்ள முடியாது என்று தோன்றியது. நேற்று முதல் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அக்கறையுள்ள ஓர் அம்மா ஒன்றைக் கவனித்து, சரியாகிவிடும் என்று கொஞ்சம் பார்த்திருந்து, பிறகு அழைத்து வர எவ்வளவு காலம் ஆகும்?

"ஒரு நாலு மாசமா மேடம்," என்றேன்.

ஜூனியர் டாக்டர் அதைத் தட்டினார். நாலு என்ற எண் அவ்வளவு சுலபமாகத் திரையில் விழுந்தது.

மருத்துவரின் முகம் மாறியதை நான் கவனித்தேன். "அதுக்கு முன்னாடி தலை நேராத்தான் இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. பழைய போட்டோ ஏதாவது இருக்கா? கைக்குழந்தையா இருந்தப்ப எடுத்தது, ஒரு வயசுல எடுத்தது, எது இருந்தாலும் காட்டு."

சொன்னால் வெட்கம், அந்தக் கேள்வி எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் ஒழுங்காக வருடவாரியாக ஆல்பம் போட்டு வைத்திருக்கிறேன். காது குத்து, பிறந்தநாள், பொங்கல், பள்ளியின் முதல் நாள். போனைத் திறந்து நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். சிலவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் என் மகள் தலை நேராக, கண் சுருங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துலயும் நேராத்தான் இருக்கு," என்றார் ஜூனியரிடம்.

பிறகு என்னிடம் திரும்பி, தலைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். இந்த வாரமே. குழந்தை அசையாமல் படுக்காது என்பதால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடியும் என்றார்.

"கண்ணுக்கு எதுக்கு மேடம் தலையில ஸ்கேன்?"

"கண்ணை வெளிப்பக்கம் இழுக்கற தசைக்கு மூளையிலேருந்து ஒரு நரம்பு வருதும்மா. பிறவியிலேயே அதுல குறை இருந்தா அது வேற கதை. ஆனா நல்லா இருந்த கண்ணு நாலு மாசத்துல இப்படி ஆச்சுன்னா, உள்ள ஏதாவது அந்த நரம்பை அழுத்துதான்னு பாக்கணும்."

"அழுத்தறதுன்னா?"

அவர் ஒரு கணம் மகளைப் பார்த்தார். "கட்டி இருக்கலாம், தண்ணி கோத்திருக்கலாம். இருக்குன்னு சொல்லல. இல்லைன்னு தெரிஞ்சுக்கணும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மேடம், தப்பாகச் சொல்லிவிட்டேன், கைக்குழந்தையிலிருந்தே இப்படித்தான் என்று. ஒரே ஒரு வாக்கியம். வாயைத் திறந்தேன். "எந்தக் கிழமை மேடம்?" என்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் பொம்மைகளைப் பரப்பி விளையாட உட்கார்ந்தாள். நான் போனில் படங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். முகம் திரும்பிய ஒரு படம் வேண்டும். ஒன்று போதும். அது கிடைத்தால் நாளைக்கே போய்க் காட்டிவிடலாம், மறந்து போயிருந்தது மேடம் என்று சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்போதும் என் கௌரவம் குறையாத ஒரு வழியைத்தான் தேடினேன். அழித்தவை விழும் பெட்டி காலியாக இருந்தது. கணவரின் பழைய போன் தண்ணீரில் விழுந்து போய் ஒரு வருடம் ஆகிறது. அவருடைய அம்மாவுக்குப் போனவையும் நான் தேர்ந்தெடுத்து அனுப்பியவைதான். நூற்றுக்கணக்கான படங்கள். ஒன்றில்கூட என் மகள் எப்படி இருந்தாளோ அப்படி இல்லை.

பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு பயங்கரம் நடந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை படங்களில் நேராக இருக்கிறாளே, ஒருவேளை அப்போது லேசாகத்தான் இருந்ததோ? நிஜமாகவே இந்த நாலைந்து மாதத்தில்தான் அதிகமாகிவிட்டதோ? போன மாதம் இரண்டு முறை தலை வலிக்கிறது என்றாளே, அது பள்ளிக்குப் போகாமலிருக்கச் சொன்ன சாக்கு இல்லையோ?

சாயங்காலம் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு மாசமா? கைக்குழந்தையிலயே நீதானே எனக்குக் காட்டின? தூளியைத் திருப்பிக் கட்டச் சொன்னியே?"

"அது வேற மாதிரிங்க."

"என்ன வேற மாதிரி? டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லு. இல்லன்னா நம்பர் குடு, நான் சொல்றேன்."

"சொன்னா ஸ்கேன் வேணாம்னுடுவாங்க. நான் நினைச்சிக்கிட்டு இருக்கறது தப்பா இருந்து, உள்ள ஏதாவது இருந்துட்டா? அப்ப யாருங்க பொறுப்பு?"

அவர் தொழிற்சாலையில் ஒரு பாகம் சரியில்லை என்றால் எந்தத் தேதியில், எந்த இயந்திரத்தில் வந்தது என்று கேட்டு வாங்கிவிடுகிறவர். சொந்த வீட்டில் எது எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல ஆளில்லை. கொஞ்ச நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தை இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "சரி, எடுத்துடலாம்," என்றார்.

அடுத்த மூன்று நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. சமைத்தேன், துவைத்தேன், அவளுக்கு ஏ பி சி டி எழுதச் சொல்லிக்கொடுத்தேன். அவள் தூங்கும்போது தலையைத் தடவித் தடவிப் பார்த்தேன், கட்டி என்றால் கைக்குத் தட்டுப்படும் என்பது போல. தடுக்கி விழுந்தால் பயம். கூடக் கொஞ்சம் தூங்கினால் பயம். நான் சொன்ன பொய் அந்த மூன்று நாளில் உண்மையாகவே மாறிவிட்டது. அதை நம்பிப் பயந்த முதல் ஆள் நான்தான்.

ஸ்கேன் காலை ஒன்பதரை மணிக்கு. முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலோ பிஸ்கட்டோ எதுவும் கூடாது, காலை ஏழு மணிக்குள் இரண்டு வாய் தண்ணீர் மட்டும் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆறு மணிக்கே எழுந்து, "அம்மா, பாலு," என்றாள். காரில் கேட்டாள். சிக்னலில் நின்றபோது கேட்டாள். வரவேற்பறையில் ஒரு குழந்தை பாட்டிலில் குடிப்பதைப் பார்த்துவிட்டு என் முந்தானையை இழுத்து இழுத்துக் கேட்டாள். "வீட்டுக்குப் போய்க் குடிக்கலாம் கண்ணு, பெரிய டம்ளர்ல தரேன்," என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

நர்ஸ் வந்து கன்னடத்தில் கேட்டார், காலையிலிருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று. "இல்லா, நீரு மாத்ரா," என்றேன், தண்ணீர் மட்டும் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில். "நிஜானா?" என்றார். நிஜமாகவா? பொய் சொன்னால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போய்விடும் என்று இரண்டு மொழியிலும் கலந்து விளக்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், நிஜம்தான் என்றேன். அந்த விஷயத்தில் அது நிஜம்தான்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒரு படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். ஒவ்வாமை உண்டா, வலிப்பு வந்ததுண்டா, சளி இருக்கிறதா. கடைசியில் பேனாவை மூடிக்கொண்டு, "வேற ஏதாவது எங்கிட்டச் சொல்லணுமாம்மா?" என்றார். கணவர் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். மேலே, நோயின் விவரம் என்ற இடத்தில், நான்கு மாதங்களாக என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. யாரோ பார்த்து எழுதியிருக்கிறார்கள். என் வார்த்தை எனக்கு முன்னாலேயே அந்தக் கட்டடம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.

"இல்ல டாக்டர்," என்றேன்.

தூங்குகிற வரை கூட இருக்கலாம் என்று என்னை உள்ளே விட்டார்கள். காந்தம் என்பதால் உலோகம் எதுவும் கூடாது. வளையல், தோடு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றினேன். ஸ்கேன் அறை ஊழியர், பெங்களூர் கலாசிப்பாளையத் தமிழர் என்று பேச்சிலேயே தெரிந்தது, என் தாலிச் சங்கிலியைக் காட்டினார்.

"மேடம், அதையும் கழட்டுங்க. அதுல பாருங்க, சேஃப்டி பின் நாலு தொங்குது. நம்ம தமிழ் மேடங்க எல்லாரும் இதே கதைதான். ஒரு கடையே வெச்சிக்கினு வருவாங்கோ."

அந்த நிலையிலும் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழற்றி அவர் கையில் கொடுத்தேன். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய வேறொன்று இருந்தது, அதையும் யோசிக்கவில்லை.

மகளைப் பச்சைத் துணி விரித்த நீள மேசையில் உட்கார வைத்தேன். கையில் ஏற்கெனவே ஊசி செருகி ஒட்டியிருந்தார்கள். டாக்டர் மருந்தை எடுத்து வந்தார். சிரிஞ்சில் இருந்தது பால் போல வெள்ளையாக இருந்தது. என் மகள் வழக்கம்போல் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள்.

"அம்மா, பாலு," என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம். காலையிலிருந்து கேட்டது வந்துவிட்டது என்று.

பாதி மருந்து போவதற்குள் அவள் என் கைமேல் துவண்டு விழுந்தாள். தூங்கிப் போவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தூங்குகிற குழந்தைக்குக் கனம் உண்டு, அது நம் மேல் சாயும். இது எதன்மேலும் சாயவில்லை. கண் முழுதாக மூடவில்லை. "போங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்," என்று என்னை வெளியே அனுப்பினார்கள்.

நாற்பது நிமிடம் என்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கதவுக்கு உள்ளே யாரோ இரும்பைத் தட்டுவது போன்ற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. நரம்பு மிக மெல்லியது, அதனால் மெல்லிய அடுக்கு அடுக்காக எடுக்கிறார்கள் என்று ஊழியர் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கேட்காத தெய்வமில்லை. ஆனால் என்ன கேட்பது என்பதில் எனக்குக் குழப்பம் இருந்தது. கட்டி இருக்கக் கூடாது என்று கேட்டேன். உடனே, அப்படியென்றால் பிறவிக்குறை என்று ஆகும், நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும் என்று ஓர் எண்ணம் ஓடியது. ஒரே ஒரு நொடிதான். ஆனால் அது ஓடியது. என் குழந்தையின் தலைக்குள் கட்டி இருப்பதையும் நான் பொய் சொன்னது தெரிவதையும் என் மனம் ஒரு நொடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கணவரிடம்கூட இதை நான் சொன்னதில்லை. இங்கேதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

மயக்கம் தெளிந்ததும் அவள் வாந்தி எடுத்தாள். அழுதாள். குரல் கரகரத்துப் போயிருந்தது. தூக்கப் போன என்னைக் காலால் உதைத்துவிட்டு அப்பாவிடம் தாவினாள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பால் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தபோது வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

மறுநாள் பிற்பகல் மருத்துவர் எங்களைக் கூப்பிட்டார். "முதல்ல இதைச் சொல்லிடறேன்," என்று உட்காரும் முன்பே ஆரம்பித்தார். "கட்டி கிடையாது. தண்ணி கிடையாது. மூளை நல்லா இருக்கு."

கணவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வெள்ளையாகத் தெரிவது மூளையைச் சுற்றியுள்ள நீர் என்றார். அதன் நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, தையல் நூல் போல. அதுதான் அந்த நரம்பு.

"இது வலது கண்ணுக்குப் போறது. படத்துல இடம் வலம் மாறித் தெரியும். இப்ப இந்தப் பக்கம் பாருங்க."

அந்தப் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. அவர் அடுக்குகளை மேலும் கீழும் ஓட்டிக் காட்டினார். ஒரு பக்கம் நூல் வந்து வந்து மறைந்தது. மறுபக்கம் ஒன்றுமே வரவில்லை.

"இடது கண்ணுக்கு அந்த நரம்பே உருவாகல. நீங்க கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடியே, முதல் சில வாரத்துலயே நடந்து முடிஞ்சிருக்கும். நீங்க சாப்பிட்டதாலயோ செஞ்சதாலயோ இல்ல. வேற நரம்பிலேருந்து ஒரு கிளை இந்தத் தசைக்கு வந்திருக்கணும், அதனாலதான் வலது பக்கம் பாக்கறப்ப கண்ணு சுருங்குது. இது பிறந்ததுலேருந்தே இருக்கறது." பிறகு கோப்பைத் திறந்து பார்த்தார். "அப்ப இந்த நாலு மாசம்?"

என் மகள் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கண் மாதிரியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மூணாவது மாசத்துலயே தெரியும் மேடம்," என்றேன். "திட்டுவீங்கன்னு மாத்திச் சொல்லிட்டேன்."

"போட்டோ?"

"தலையைப் பிடிச்சு நேராக்கி எடுத்தது. மத்ததெல்லாம் அழிச்சிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாதாரணமாகப் பேசினார். "நான் உனக்குப் பரீட்சை வெக்கறதுக்குக் கேக்கலம்மா. அவளால சொல்ல முடியாது. அவளுக்காக நீதான் சொல்லணும். நீ சொல்றதை வெச்சுத்தான் நான் முடிவு பண்றேன்."

"உண்மையைச் சொல்லியிருந்தா ஸ்கேன் எடுத்திருக்க மாட்டீங்களா மேடம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவ என்கிட்டப் பழகற வரைக்கும் ரெண்டு மூணு தடவை வரச் சொல்லிப் பாத்திருப்பேன். அதுலயே தெரிஞ்சிருக்கலாம். ஒருவேளை அப்பவும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கலாம். இப்ப எப்படிச் சொல்றது?"

அந்த ஒருவேளையைத்தான் நான் இன்றுவரை சுமக்கிறேன்.

அவர் இன்னொன்றையும் சொன்னார். முகத்தை இடப்பக்கம் திருப்பும்போதுதான் அவளுடைய இரண்டு கண்ணும் ஒன்றாகச் சேர்ந்து பார்க்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் தானாகக் கண்டுபிடித்த வழி அது. தலையை நேராகப் பிடித்து வைத்தால் இடது கண் மூக்குப் பக்கமாக உள்ளே போய்விடும். அப்படியே பழக்கினால் மூளை அந்தக் கண் பார்ப்பதை ஒதுக்க ஆரம்பித்துவிடலாம். "திருப்பினா திருப்பட்டும். கைய வெக்காதீங்க. ரொம்ப அதிகமா இருந்தா ஆபரேஷன் பத்திப் பின்னாடி யோசிக்கலாம். ஆனா அந்த நரம்பை யாராலயும் கொண்டு வர முடியாது."

நேரா பாரு, நேரா பாரு என்று நான் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்? ஒவ்வொரு முறையும், இரண்டு கண்ணால் பார்ப்பதை விட்டுவிடு என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அவளுக்கு ஆறரை வயது. வருடத்துக்கு இரண்டு முறை பரிசோதனைக்குப் போகிறோம். இரண்டு கண்ணிலும் பார்வை நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பள்ளியில் இடது கோடியில் அமரும்படி முன் வரிசையில் இடம் கொடுத்திருக்கிறார்கள், போர்டைப் பார்க்க அதுதான் அவளுக்கு வசதி என்று. அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பாவோடு டி.வி. பார்க்கும்போது முகத்தை இஷ்டம்போல் திருப்பி வைத்துக்கொண்டிருப்பவள், நான் அறைக்குள் வந்தால் கழுத்தை நேராக்கிக்கொள்கிறாள். வேண்டாம் கண்ணு, உனக்கு வசதியாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். சரிம்மா என்கிறாள். அடுத்த நாளும் அப்படியே செய்கிறாள். என்னிடம் மட்டும்.

போன பரிசோதனையின்போது காத்திருக்கும் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மடியில் கைக்குழந்தை. பெங்களூர் ஓகலிபுரத்திலிருந்து வருவதாகச் சொன்னார். என் மகளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எப்பலேர்ந்துங்க பாப்பாவுக்கு இப்படி?" என்றார்.

"பொறந்ததுலேர்ந்துங்க. மூணாவது மாசத்துலயே பாத்துட்டேன்."

"அப்பவே கூட்டினு வந்துட்டீங்களா?"

"இல்லீங்க. நாலரை வயசுலதான் கூட்டிட்டு வந்தேன்."

அவர் முகம் மாறியது. "அய்ய, தெரிஞ்சிக்கினே உட்டுட்டீங்களா? என்னா அம்மாங்க நீங்க?" என்றார். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டு குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். என் மகள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

நாலு வருடம் நான் பயந்து ஓடிய கேள்வி அதுதான். கேட்டு முடிக்க அவருக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. வலித்தது, ஆனால் தாங்க முடிகிற வலிதான். அன்றைக்கே அதை நான் தாங்கியிருந்தால், பசியோடு என்னை நம்பி வந்த என் குழந்தையை அந்தப் பச்சை மேசைமேல் கிடத்தாமல் இருந்திருக்கலாம் என்ற நினைப்பு மட்டும் இன்னும் தாங்க முடிகிற அளவுக்கு வரவில்லை.